பீரங்கிக்கு வைத்த பொட்டு

வெயிலில் காய்ந்த பீரங்கியின் மேல் ஈரச் சந்தனத்தை அப்பினால் முதலில் உள்ளங்கையில் சுரீரென்று சூடு ஏறும், பிறகு இரும்பும் சந்தனமும் கலந்த ஒரு வாசனை வரும். அந்த வாசனையை உலகத்தில் என்னையும் என் அக்கா செல்வியையும் தவிர வேறு யாராவது முகர்ந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

எங்கள் வீடு திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்தில் இருந்தது. பெரியவர்கள் விருந்தாளி வந்தால்தான் கோட்டைக்கு ஏறுவார்கள். எங்களுக்கோ பள்ளிக்கூடம் விட்டால் அதுதான் கதி. பாறையில் வெட்டிய படிகளில் ஏறி, சிப்பாய்கள் தங்கிய அறைகளில் கத்தி எதிரொலி கேட்டு, வெடிமருந்துக் கிடங்கின் இருட்டில் யார் அதிக நேரம் நிற்பது என்று பந்தயம் கட்டி, கடைசியில் மதிலோரப் பீரங்கி மேடைக்கு வந்து சேர்வோம். மதில் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால், செம்பட்டி ரோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் எங்கள் குண்டுக்குத் தப்பிப் பிழைத்தவைதான்.

கோட்டைக்குக் காவலாக ஒல்லியான ஒருவர் இருந்தார். நாங்கள் அவரை "வாச்மேன் மாமா" என்போம். பீரங்கி மேல் ஏறினால் மட்டும் விசில் ஊதிக்கொண்டு வந்து, "எறங்குங்க தாயி, விழுந்து கிழுந்து தொலைச்சா என் பாடு திண்டாட்டம்" என்பார்.

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று, வெங்காய லோடு அடிக்கும் அப்பாவின் வேனைக் கழுவி, மாலை போட்டு, பூசணிக்காயும் உடைத்தாயிற்று. அம்மா அரிவாள்மனை, மண்வெட்டி, என் காம்பஸ் டப்பா வரைக்கும் பொட்டு வைத்துவிட்டு, "சாமான் எதையும் இன்னிக்கு வெறும் நெத்தியா விடக்கூடாது" என்றாள். அக்காவுக்கு அங்கேதான் மூளை வேலை செய்தது. "காம்பஸுக்கே பொட்டுன்னா, இந்த ஊர்ல நெசமான ஆயுதம் மேல கெடக்கே, அதுக்கு யாருடி வப்பா?" என்று கேட்டாள். எனக்கும் கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

மிச்சமிருந்த சந்தனம், குங்குமம், கதம்பத்தோடு மலையேறினோம். வாச்மேன் மாமா சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து, பீரங்கிக்குப் பட்டை பட்டையாகச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கதம்பத்தைச் சுற்றினோம். அதோடு இறங்கியிருக்கலாம். நின்று அழகு பார்த்தோம். அப்போது சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஒரு கூட்டம் வந்தது. அதில் ஒரு அம்மா, "கோட்டையக் காக்குற சாமி போலருக்கு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, பையிலிருந்த சூடத்தை எடுத்துப் பீரங்கி வாயிலேயே ஏற்றிவிட்டார். பின்னால் வந்தவர்களும் விடவில்லை. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

வாச்மேன் மாமா ஓடி வந்து பார்த்தபோது பீரங்கியின் வாய் முழுக்கக் கரி. அவர் எங்களைத் திட்டவில்லை. "நாளைக் கழிச்சு ஆபீசர் வாராரு தாயி. நான் தெனக்கூலி ஆளு, ஒரு வார்த்தையில அனுப்பிருவாக" என்று மட்டும் சொன்னார். மூன்று பேரும் தண்ணீர் ஊற்றித் தேய்த்தோம், என் புதுப் பாவாடையும் அதில் நாசமானது. சந்தனம் போயிற்று. துருவின் பள்ளங்களில் இறங்கிய குங்குமமும் அந்தக் கரியும் போகவில்லை.

ஆபீசர் வந்த காலையில், உண்மையைச் சொல்லிவிடுவது என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஏறினோம். "யார்யா பண்ணுனது?" என்று அவர் கேட்டபோது பத்தடி தூரத்தில் நின்றோம். வாச்மேன் மாமா எங்களை ஒரு தரம் பார்த்தார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்; பேசு என்றா, பேசாதே என்றா என்பதில் இன்றுவரை எங்களுக்குள் தகராறு. நான் வாயைத் திறக்கவில்லை. "வெளியூர்க்காரங்க சார், யாருன்னு தெரியல" என்றார் மாமா.

அடுத்த வாரம் அங்கே வேறு ஆள் நின்றார். பழையவரைப் பற்றிக் கேட்டதற்கு, "அவரா? இப்ப வாரதில்ல" என்றார். ஏன் என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

போன மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். நாங்கள் பந்தயம் கட்டிய கிடங்குக்குக் கம்பிக்கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள், கத்திக்கொண்டு ஓடும் அடிவாரத்துப் பிள்ளைகளைக் காணோம். மகளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவர் பேர் என்னம்மா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே அக்காவுக்கு போன் போட்டேன்.

"நாம கேக்கவே இல்லையேடி" என்றாள் அக்கா.