டிவிப் பிள்ளைக்காக அழுத ஜெய்த்தூன் அக்கா

ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க ஒருவர் என் கடையில் நின்றிருந்தார். முன்பக்கத்தை எடுத்துவிட்டு அட்டையைத் திருப்பிப் போடும்போது கைபேசி அடித்தது. ஜெய்த்தூன் அக்காவின் மருமகள் நஸ்ரின். "கோமதி அக்கா, மாமி மௌத்தாயிட்டாங்க" என்றாள். மதியத் தொழுகையை முடித்துவிட்டுப் பாயில் சாய்ந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லையாம். பின்பக்கத்தை எடுக்காமலேயே அந்த மனிதரிடம் தாளைக் கொடுத்துவிட்டேன். அவரும் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எந்த ஆபீசில் திட்டு வாங்கினாரோ, பாவம்.

தென்காசியில் எங்கள் தெருவுக்கு வெளியே அக்காவைத் தெரிந்தவர்கள், ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் மட்டும்தான். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கணவர் பல வருடம் சவூதியில் இருந்துவிட்டு ஊருக்கு வந்த கொஞ்ச நாளிலேயே காலமானார். மகன் துபாயில். அக்கா வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின்களும், மகன் வாங்கிக் கொடுத்த பெரிய டிவியும் இருந்தன. குரலும் அந்த டிவி அளவுக்குப் பெரிது. அவர் ரகசியம் பேசினாலும் தெருமுனைவரை கேட்கும்.

நாங்கள் முதலில் பழகியது சண்டையில்தான். என் மகள் செண்பகாவுக்கு ஆட்டிசம். அப்போது அவளுக்கு எட்டு வயது. பேச்சு இல்லை. சுற்றுகிற எதைக் கண்டாலும் அவளுக்கு உயிர். ஒருநாள் ஜாக்கெட் வாங்கப் போன இடத்தில், நான் பையைத் திறப்பதற்குள் அவள் ஓடிப்போய்த் தையல் மெஷினின் சக்கரத்தைச் சுழற்றிவிட்டாள். ஊசி ஒடிந்தது, ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ஜாக்கெட் கிழிந்தது. "இனிமே ஜாக்கெட்டுக்கு நீ மட்டும் வா. பிள்ளைய கூட்டிட்டு வராத" என்றார் அக்கா. அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு வருடம் வேறு டெய்லரிடம் போனேன். அந்த ஆள் தைத்த ஒரு ஜாக்கெட்டாவது கை தூக்க விட்டதா என்றால், இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு குடும்ப சீரியல் ஆரம்பித்தது. கதாநாயகியின் பெண்ணுக்கு ஆட்டிசம். அதுவரை செண்பகாவைப் பார்த்தால் "வாயில்லாப் பிள்ளை" என்று உச்சுக்கொட்டிய தெரு, ஒரே வாரத்தில் "டிவில வருதுல்லா, அந்த நோவு" என்று பேச ஆரம்பித்தது. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு எட்டுப் பத்துப் பெண்கள் அக்கா வீட்டு டிவி முன்னால் கூடினார்கள். எதிர்வீட்டுச் செல்வி வற்புறுத்தியதால் நானும் ஒருநாள் போனேன். மகளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டுத்தான்.

அன்றைய காட்சியில் பள்ளிக்கூடத்துக்காரர்கள் அந்தப் பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்று வெளியே அனுப்பினார்கள். அக்கா தாரைதாரையாக அழுதார். "வெளங்குவானுவளா? பச்சப் பிள்ளைய வாசலோட அனுப்புதானுவளே!" என்று திரையைப் பார்த்து ஏசினார். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். சும்மா இருக்க முடியவில்லை. "டிவிப் பிள்ளைக்கு இந்த அழுக அழுதீங்க. எம்பிள்ளைய நீங்களும் வாசலோடதான அனுப்புனீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் நான் கடை திறக்கக் கிளம்பும்போது அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். முறைக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். "நீ சொன்னது சரிதாம்ட்டி. அந்தப் பிள்ளைக்கு அழுறது எனக்கு லேசா இருந்துச்சு. அது என் மெஷின தொடாதுல்லா" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே அவருக்கு நான் காலமெல்லாம் கடமைப்பட்டிருக்கிறேன். தப்பு என்று தெரிந்தும் அதை வாசலில் வந்து நின்று ஒப்புக்கொண்டவர்கள் என் சொந்தத்திலேயே ஒருவர்கூடக் கிடையாது.

அன்று மாலையே பழைய மெஷினின் ஊசியைக் கழற்றிவிட்டு, பெல்ட்டையும் உருவி, செண்பகாவுக்கு என்று சுவரோரம் போட்டார். சீரியல் ஓடும் அரைமணி நேரமும் அவள் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பாள், நாங்கள் டிவி பார்ப்போம். அந்த அரைமணி நேரம் எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது, இப்படி ஒரு பிள்ளையை வைத்திருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும்.

சீரியல் பிள்ளைக்கு ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால் போதும், கீபோர்டில் அப்படியே வாசித்துவிடும். அதனால் ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் எல்லாம் "ஒங்க பிள்ளைக்கு என்ன தெறமை இருக்கு?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒன்றும் இல்லை என்றால் நான் எதையோ மறைப்பதாகப் பார்ப்பார்கள். அக்கா கடையில் இருந்த ஒருநாள் ஒருத்தி இதைக் கேட்டாள். "முறுக்கு திங்கிற தெறமை. ஒரு பாக்கெட்ட ரெண்டு நிமிசத்துல முடிச்சிருவா. ஒம்பிள்ளைக்கு என்ன தெறமை, கூட்டிட்டு வா, பாப்போம்" என்றார் அக்கா. வந்தவள் ஜெராக்ஸுக்குக் கொடுத்த மார்க் ஷீட்டைக்கூடத் திரும்ப வாங்காமல் போய்விட்டாள்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. சீரியல் பிள்ளை கோயில் தெப்பக்குளத்தில் விழுந்து, தூக்கியெடுத்ததும் "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டது. அறையே அழுதது. நானும் அழுதேன். மறுநாள் செங்கோட்டையிலிருந்து என் கணவரின் அக்கா போன் போட்டார். "பாத்தியா கோமதி? தண்ணியில விழுந்த அதிர்ச்சியில பேசிட்டு பாத்தியா? நம்ம செண்பகாவையும் ஐந்தருவில கொண்டுபோயி நிறுத்து. மூலிகத் தண்ணில்லா, தலையில விழுந்தா தெளிஞ்சிரும்." மதினி மேல் மட்டும் பழியைப் போட நான் தயாராக இல்லை. அவர் போன் போடும் முன்பே எனக்குள் அந்த ஆசை முளைத்துவிட்டது. வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகும் நான், பயிற்சி ஆசிரியை படித்துப் படித்துச் சொன்னதையெல்லாம் ஒரு சீரியல் காட்சிக்காக ஓரமாக வைத்துவிட்டேன்.

நல்ல சாரல் நேரம். ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் கால் வைக்க இடமில்லை. அக்காவையும் துணைக்கு அழைத்தேன். எதற்காகப் போகிறோம் என்று சொல்லவில்லை, குளிக்க என்றேன். ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நெருங்கும்போதே செண்பகா காதுகளைப் பொத்திக்கொண்டாள். அந்த இரைச்சல் அவளுக்கு ஆகாது. ஈரப்படியில் உட்கார்ந்து வீறிட்டாள். நான் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். "ஒரு நிமிசம்டி, ஒரே ஒரு நிமிசம் நில்லுடி, பேசிருவ" என்று கத்தியது எனக்கே நினைவில்லை. அக்கா பிறகு சொல்லித்தான் தெரியும். அவள் தலை அருவிக்கு ஒரு எட்டு தூரத்தில் இருந்தபோது, அக்கா மாற்றுத்துணிப் பையோடும் உடுத்திய சேலையோடும் தண்ணீருக்குள் வந்து எங்கள் நடுவில் நின்றார்.

"கைய விடுட்டி. டிவில பேசுனது நடிக்கிற பிள்ள. ஷூட்டிங் முடிஞ்சா வீட்டுக்குப் போயி வாய் ஓயாம பேசும். இவளுக்கு அந்தப் பேச்சுக்கு எங்கன போவ? ஒன்ன நம்பித்தான கூட வந்தா, நடுங்குதா பாரு."

"ஒங்களுக்கென்ன, ஒங்க மகன் பேசுதான்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

அக்கா கோபப்படவில்லை. "பேசுதான். வெள்ளிக்கிழம அஞ்சு நிமிசம் பேசுதான். இவ தெனமும் எம் பக்கத்துல வந்து உக்காருதா. விடு" என்றார்.

விட்டேன். அருவியில் குளிக்காமலே மூவரும் படியேறி வந்தோம். பஜ்ஜிக் கடை ஓரத்தில், சாரலில் நனைந்திருந்த செண்பகாவின் தலையைத் துவட்டியபடி நான் அழுது தீர்த்தேன். அவள் மணிக்கட்டில் என் ஐந்து விரலும் பதிந்திருந்தன. அவளோ வாழைக்காய் பஜ்ஜியை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தாள். என்றைக்காவது "அம்மா" என்று கூப்பிடுவாள் என்று எட்டு வருடமாகக் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பை நான் இறக்கி வைத்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகுதான் அவள் தலையாட்டுவதையும், என் கையைப் பிடித்து வேண்டியதன் பக்கம் கொண்டுபோவதையும் ஒழுங்காகக் கவனிக்க ஆரம்பித்தேன்.

அடுத்த நாள் அக்கா என் கடைக்கு வந்து, "டிவிக்காரனுக்கு ஒரு லெட்டர் அடி" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். 'ஐயா, உங்கள் சீரியலை நாங்கள் விரும்பிப் பார்க்கிறோம். அந்தப் பிள்ளையைப் பேச வைத்தது சரியில்லை. பேசாத பிள்ளையைப் பேசாத பிள்ளையாகவே காட்டியிருந்தால் எங்களுக்கு உதவியாக இருந்திருக்கும். இங்கே ஒரு தாய் அதை நம்பிவிட்டாள்.' அன்று சாயங்காலம் டிவி முன்னால் தாளைச் சுற்றுக்கு விட்டார். செல்வி தயங்கினாள். "கததானக்கா, இதுக்குப் போயி லெட்டரா?" என்றாள். "கதன்னு தெரிஞ்சா நீ ஏன் மூக்கச் சிந்துன?" என்று பேனாவைக் கையில் திணித்தார். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். பதில் வரவில்லை. சீரியல் முடிகிற வாரம் அந்தப் பிள்ளை பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கியது. "வாங்கட்டும், நல்லாருக்கட்டும்" என்று அக்கா ரிமோட்டை எடுத்து அணைத்தார். ஆனால் ஏழு மணிக் கூட்டம் நிற்கவில்லை. டிவி ஓடினாலும் ஓடாவிட்டாலும் பெண்கள் வந்தார்கள், செண்பகாவும் வந்தாள்.

நஸ்ரினின் போன் வந்ததும் நான் தனியாகத்தான் போனேன். கூட்டத்தில் செண்பகா பெரிதாகச் சத்தம் எழுப்புவாள். இறந்தவர் கிடக்கும் மையத்து வீட்டில் அது எப்படி இருக்கும்? நஸ்ரின் என்னைப் பார்த்ததும் "செண்பகா எங்க? அவளையும் கூட்டிட்டு வாங்க" என்றாள். திரும்பிப் போய் அழைத்து வந்தேன்.

அறை நிறையப் பெண்கள். ஓதுகிற சத்தம் மெதுவாகக் கேட்டது. செண்பகா என் கையை உதறிவிட்டு நேரே போய் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். முகத்தையே பார்த்தாள். பிறகு, நான் பயந்தபடியே, அடிவயிற்றிலிருந்து "ஊ..." என்று நீளமாகச் சத்தம் எழுப்பினாள். வெளியூரிலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர் திடுக்கிட்டு, "யாரு பிள்ள இது? வெளிய கூட்டிட்டுப் போங்கம்மா" என்றார். பழக்கதோஷத்தில் என் கை அவள் வாயைப் பொத்தப் போனது.

"அது இந்த வீட்டுப் பிள்ளதான்" என்றாள் செல்வி. "சத்தம் போடட்டும், விடுங்க." பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் நகர்ந்து எனக்கு இடம்விட்டார்கள். அந்த வெளியூர்ப் பெண்மணியும் செண்பகாவைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, தன் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆண்கள் வந்து அக்காவைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கினார்கள். தெருமுனை திரும்பும்வரை செண்பகா நிறுத்தவில்லை. போய் வாருங்கள், அக்கா. உங்களைத் தூக்கிப் போகும்போது உங்களுக்குக் கேட்டிருந்தால், அது நம் செண்பகாதான். அவள் வாயை நான் பொத்தவில்லை.