ஆளுக்கொரு ‘ஓம்’

போன மாசி மாதம், யாழ்ப்பாணத்தில் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் நடந்தது இது. நான் அங்கே ஆண் தாதி. வயது ஐம்பதைத் தொடுகிறது. வாய்க்கு மட்டும் இன்னும் பதினாறு.

பொம்மை ஒன்றை நோயாளியாகக் கிடத்தி எங்களுக்குப் பயிற்சி தர வெளியிலிருந்து ஒரு பெண் டொக்டர் வந்திருந்தார். அந்தப் பொம்மை மூச்சு விடும், நாடி துடிக்கும், நாங்கள் பிழை விட்டால் செத்தும் போகும். நான் அதன் நெற்றியில் திருநீறு பூசி, ‘இணுவில் மாமா’ என்று பெயரும் வைத்துவிட்டேன்.

மாமாவின் இதயம் நின்றது. அட்ரினலின் கொடுக்கச் சொன்னார் டொக்டர். எங்கள் ஊரில் ‘ஆம்’ என்பதற்கு ‘ஓம்’. நான் ஓம் என்றேன். எதிரே நின்ற பெண் தாதியான மிஸியும் ஓம் என்றார். அவர் கொடுப்பார் என்று நான் இருக்க, நான் கொடுப்பேன் என்று அவர் இருக்க, மருந்து தட்டிலேயே கிடந்தது. மாமா போய்விட்டார்.

“எட்டுச் செலவுக்கு எல்லாரும் வந்திடுங்கோ” என்று மாமாவின் எட்டாம் நாள் சடங்குக்கு அழைப்பு விட்டேன். அறையே சிரித்தது.

டொக்டர் மட்டும் சிரிக்கவில்லை. உங்கள் ஊர் ஓமுக்குக் ‘கேட்டது’ என்றும் பொருள், ‘செய்கிறேன்’ என்றும் பொருள். எது என்று சொன்னவருக்கே தெரியாது என்றார். இனிமேல் ஓம் போடாமல், யார் என்ன செய்யப்போகிறோம் என்பதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். அதற்கும் நான் ஓம் என்றேன்.

அடுத்த கிழமையே, சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டத்தில் குளவி கொட்டிய ஒருவரைக் கொண்டுவந்தார்கள். முகம் வீங்கி, மூச்சு இழுத்தது. அவருடைய செருப்புகளைக் கையில் பிடித்தபடி மனைவி வாசலில் நின்றார். எங்கள் டொக்டர் அட்ரினலின் என்றார். நான் ஓம் என்றேன். அதே மிஸியும் ஓம் என்றார். நான் ஒட்சிசன் முகமூடியைப் பொருத்தினேன். அவர் சேலைன் ஏற்ற நரம்பு தேடினார். அந்த மனிதரின் உதடு நீலமாகத் தொடங்கியது. மிஸிதான் முதலில் நிமிர்ந்தார்.

“அண்ணை, அட்ரினலின் குடுத்திட்டியளோ?”

“நீரெல்லோ ஓம் எண்டு சொன்னனீர்?”

“நீங்களும்தானே சொன்னனீங்கள்.”

மருந்துக் குப்பி உடைக்கப்படாமல் தட்டில் கிடந்தது. வாயில் ஒரு பகிடியும் வரவில்லை. “அட்ரினலின், நான் குடுக்கிறன்” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே தொடையில் ஏற்றினேன். நல்லகாலம், மெல்ல மெல்ல அவருக்கு மூச்சுத் திரும்பியது.

வெளியே வந்தபோது அந்த மனைவி செருப்புகளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

“தம்பி, நீங்கள் உடனை ஊசி போட்டபடியால்தான் இவர் தப்பினவர், என்ன?”

பக்கத்தில் நின்ற மிஸி நிலத்தைப் பார்த்தார்.

“ஓம்” என்றேன்.

இப்போது வீட்டில் தேங்காய் வாங்கச் சொன்னால்கூட, “தேங்காய், நான் வாங்கிறன்” என்று திருப்பிச் சொல்கிறேன். மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார். மருந்துக்குச் சொன்ன ஓமையாவது அந்த ஊசியோடு ஒருவாறு சரிக்கட்டிவிட்டேன், ஆனால் கைகூப்பி நின்ற அந்த அம்மாவுக்குச் சொன்ன ஓமை எதைச் சொல்லித் திருப்பி எடுப்பது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.