முப்பத்தாறு முகங்களும் ஒரு கோட்டும்

மாமா படம் பிடிக்கும்போது யாரையும் சிரிக்கச் சொன்னதில்லை. "உங்க பேரைச் சொல்லுங்க" என்பார். அவர்கள் சொல்லி முடித்து வாய் மூடுகிற நேரத்தில் விசையை அழுத்துவார். தேசிய அடையாள அட்டைக்கான படத்தில் அதைவிட அதிகமாக எதுவும் வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. தன் பெயரைச் சொல்லிவிட்டு நிற்கும் மனிதரின் முகம் கொஞ்ச நேரத்துக்கு வேறு மாதிரி இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தை அவர் ஒரு தடவைகூடத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. கிழமை நாட்களில் ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் றொசல்லைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கும் சுற்றியிருந்த தோட்டங்களுக்கும் போய் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பார். அந்தத் தொண்ணூறுகளில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேருக்கு அட்டை இல்லை. ஒருவருக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்காது. இன்னொருவருக்கு இருக்கும், அதில் பெயர் வேறாக இருக்கும். இரண்டும் சரியாக இருப்பவர் ஹட்டன் வரை போய்ப் படம் எடுத்தால், செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடைக்காது. மூன்றாவது குறையை மட்டும்தான் மாமாவால் தீர்க்க முடிந்தது.

அவருடைய சாமான்கள் எனக்கு மனப்பாடம். காமிரா ஒன்று, முக்காலி ஒன்று, வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்று, உடுப்புக் கிளிப் ஆறு, சீப்பு ஒன்று, கறுப்புக் கோட்டு ஒன்று. விரிப்பை லயத்துச் சுவரில் ஆணியடித்துக் கட்டுவார். கோட்டு, ஆண்கள் எல்லாருக்கும் பொது. அது என் அப்பாவின் கல்யாணக் கோட்டு. மெலிந்தவர்களுக்கு முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்குவார். பருத்தவர்களுக்குப் பொத்தான் போடாமல் விடுவார். மூன்று பொத்தான்களில் நடுவில் இருந்தது மட்டும் பழுப்பு நிறம்.

அந்தக் கோட்டைத் தூக்கி மாமாவிடம் கொடுத்தது அப்பாதான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தார். பிறகு ஒருநாள் திரும்பி வந்து தேயிலை ஆலையில் சேர்ந்துகொண்டார். கொழும்பில் கடும் காய்ச்சல் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. வந்த வாரமே கோட்டைப் போட்டுக்கொண்டு விரிப்பின் முன் நின்றார். மாமா எடுத்த முதல் அட்டைப் படம் அவருடையதுதான். பெயரைச் சொல்லுங்கள் என்றதும் ஒருமுறை சொன்னார், மாமா விசையை அழுத்தினார். அப்பா மறுபடியும் சொன்னார், இன்னும் சத்தமாக. மூன்றாவது முறையும் சொன்னார். படம் எடுத்தாகிவிட்டது என்று அவருக்குத் தெரியவில்லை என நினைத்து நான் சிரித்தேன். அதன்பிறகு கோட்டை அவர் திருப்பிக் கேட்கவில்லை. தொப்பை வைத்துவிட்டதால் கொடுத்துவிட்டார் என்றுதான் நம்பியிருந்தேன்.

எனக்குப் பத்து வயதானபோது, கண்டியில் இருந்த பிரெஞ்சுப் பண்பாட்டு நிலையத்தின் பொறுப்பாளரான வெள்ளைக்கார அம்மா ஹட்டன் ஸ்டூடியோவுக்குப் பிலிம் கழுவ வந்தார். வந்த இடத்தில், காயப் போட்டிருந்த மாமாவின் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் அங்கிருந்து நகரவில்லையாம். பிறகு, தங்கள் நிலையத்தின் காட்சிக்கூடத்தில் இவற்றைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்று கேட்டார். ஒரு பிலிம் சுருளில் முப்பத்தாறு படம் என்பதால் முப்பத்தாறு பேர் என்று முடிவாயிற்று.

மாமா ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். ஒவ்வொரு படத்தின் கீழும் அந்த மனிதரின் பெயர் தமிழில் இருக்க வேண்டும். லயம் லயமாகப் போய் முப்பத்தாறு பேரிடமும் அதைச் சொல்லித்தான் சம்மதம் வாங்கினார். "செக்ரோல்ல ஒரு பேரு, சான்றிதழ்ல ஒரு பேரு. கண்டியிலயாவது ஒங்க பேரு ஒங்க மூஞ்சிக்குக் கீழ இருக்கும். அது என் பொறுப்பு" என்றார்.

பெயர்களை அட்டைத் துண்டுகளில் அவரே எழுதினார். பெரிதாக்கிய படங்கள் ஒரு கட்டு, பெயர்த் துண்டுகள் ஒரு கட்டு, இரண்டும் ஒரே வரிசையில். மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினால் போதும். கண்டியில் மாட்டப்போகிறவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால் இந்த ஏற்பாடு. பின்பக்கத்தில் எண் போட அவருக்குத் தோன்றவில்லை. இன்று மின்சார வேலை பார்க்கும் நான் ஒரு கம்பி முனைக்குக்கூட எண் ஒட்டாமல் விடுவதில்லை.

பெட்டி கட்டுவதற்கு முந்திய மாலை, மாமா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் படக்கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். கண்ணுக்குப் பட்டது கோட்டு மட்டும்தான். ஒவ்வொரு ஆணின் மேலும் அதே கோட்டு, நடுவில் அதே பழுப்புப் பொத்தான். பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால், இவர்களிடம் மொத்தமாகவே ஒரு கோட்டுதான் இருக்கிறது என்று கண்டி முழுக்கத் தெரிந்துவிடும். எனக்குக் காது சுட்டது. ஆண்கள் இருபத்தொரு பேர், பெண்கள் பதினைந்து பேர். இரண்டு ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் என்று மாற்றி அடுக்கினேன். ஐந்து இடங்களில் மட்டும் கோட்டும் கோட்டும் ஒட்டி நிற்பதைத் தவிர்க்க முடியவில்லை. நல்ல வேலை செய்த நிறைவோடு கட்டைக் கட்டி வைத்தேன். பெயர்த் துண்டுகளின் நினைவே வரவில்லை.

திறப்பு ஒரு சனிக்கிழமை பின்னேரம். இருபது பேர் ஒரு வாடகை வான் வண்டியில் கிளம்பினோம். நாவலப்பிட்டியில் டயர் காற்றுப் போய், நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் நிறைந்திருந்தது. அப்படி ஓர் அறையை நான் அதுவரை பார்த்ததில்லை. வெள்ளைச் சுவர், சிவப்புத் தரை, ஒவ்வொரு படத்துக்கும் தனி விளக்கு. கொழுந்து எடுக்கும் அக்காமார், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஐயாமார், எல்லாரும் என்னை விடப் பெரிய முகங்களாக, சற்று முன்தான் ஏதோ சொல்லி முடித்தவர்களாக நின்றார்கள். விருந்தினர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள். எங்கள் ஆட்களுக்கு அந்த அவசியம் தெரியவில்லை.

"ஏய், எனக்கு மாரியாயின்னுல்ல பேரு போட்டிருக்கு" என்றார் மேல் லயத்து அண்ணன் ஒருவர்.

"நல்லாத்தானே இருக்கு. அந்த மீசைய மட்டும் எடுத்துரு" என்றாள் உண்மையான மாரியாயி.

"அப்ப நீ யாரு?"

"தெரியலயே. வாசிச்சுச் சொல்லு, இனிமே எந்தப் பேருக்குத் திரும்பிப் பாக்குறதுன்னு தெரிஞ்சுக்கிறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். படங்களை மட்டும் மாற்றி அடுக்கிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமா சுவரோரமாக ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு போனார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

சிரிக்காதவர் இன்னொருவரும் இருந்தார். அப்பா தன் படத்தின் முன் நின்றுகொண்டிருந்தார். கீழே வேலாயுதம் என்று இருந்தது.

"மாப்ள" என்று மாமாவை மெதுவாகக் கூப்பிட்டார். "இது என் பேரு இல்ல."

"தெரியும் மச்சான். மாறிப் போச்சு. இப்ப மாத்திருவோம்."

"நான் வேலாயுதம் இல்ல."

"இல்ல மச்சான். ஒங்கள அப்படி யாரும் சொல்லலயே."

அப்பா சட்டைப் பையில் இருந்து அடையாள அட்டையை எடுத்தார். படங்களை மாட்டிய சிங்களப் பணியாளர் பக்கத்தில் நின்றார். நரைத்த தலை, சாந்தமான முகம். அப்பா அட்டையை அவர் கண்ணுக்கு நேராக நீட்டி, "மே மம தமாய்" என்றார். இது நான்தான். பிறகு தன் பெயரைச் சொன்னார், படம் எடுத்த அன்று சொன்னது போலவே, மூன்று தரம். அந்த மனிதர் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அவர் இரண்டு கைகளாலும் அட்டையை வாங்கி, படத்தையும் அப்பாவையும் நிதானமாகப் பார்த்து, "ஹரி மாத்தயா, ஹரி" என்று திருப்பிக் கொடுத்தார். சரி ஐயா, சரி.

மாமா வேலாயுதத்தைக் கழற்றினார். "மச்சான், ஒங்க பேரு எங்க இருக்குன்னு நீங்களே தேடி எடுத்துட்டு வாங்க" என்றார். அப்பா சுவர் நெடுகத் தேடிப் போனார். அவர் பெயர் ஓர் அக்காவின் மூக்குத்திக்குக் கீழே இருந்தது. எடுத்து வந்து தானே குண்டூசியால் குத்தினார். அதைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் பெயர்களைத் தேடத் தொடங்கினார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நான் வாசித்துக் காட்டினேன். வராத பதினெட்டு பத்தொன்பது பேரின் பெயர்களை மாமா குத்தினார். மாரியாயி தன் துண்டைக் குத்துமுன் முந்தானையால் ஒருதரம் துடைத்தாள்.

வெள்ளைக்கார அம்மா கை தட்டினார். கூட்டம் முழுவதும் தட்டியது. இப்படி ஒரு திறப்பு விழாவை மாமா முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மாமா திருத்தவில்லை.

பிறகு நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது. கழுத்தில் துண்டு சுற்றிய ஒருவர் தமிழிலேயே கேட்டார், "ஏன் எல்லாரும் ஒரே கோட் போட்டிருக்கினம்?"

மாமா அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "எங்க மச்சானோட கல்யாணக் கோட்டுங்க. இவங்க எல்லாருக்கும் அட்டை வாங்கிக் குடுத்தது அதுதான்."

திரும்பி வரும்போது வண்டியில் மாமா என் பக்கம் சாய்ந்தார். "படத்தை யாரு மாத்தி அடுக்குனது?"

"நான்தான்."

"ஏன் புள்ள?"

"கோட்டு ஒன்னுதான்னு தெரியாம இருக்கத்தான்."

"நல்லாத்தான் அடுக்கியிருந்த. ரெண்டு கோட்டு அடுத்தடுத்து வந்தது அஞ்சு எடத்துலதான்" என்றார். அவரும் எண்ணியிருந்தார்.

பன்னிரண்டு வருடங்கள் கழித்து, மின்சாரத் துறைப் பயிற்சிக்காக நான் கொழும்புக்குப் புறப்பட்ட அன்று, என் கைப்பைக்குள் அடையாள அட்டை இருக்கிறதா என்று அம்மா நான்கு தடவை பார்த்தார். அப்போதுதான் சொன்னார். கொழும்பில் அப்பாவுக்குக் காய்ச்சல் வரவில்லை. ஒரு பொலிஸ் சோதனையில் அவரைப் பிடித்து, தேடப்படும் யாரோ ஒருவன் பெயரைச் சொல்லி, நீ அவன்தானே என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று காட்ட அவரிடம் ஒரு துண்டு அட்டை இல்லை. கடை முதலாளி வந்து இன்னார் என்று சொல்லும்வரை பதினொரு நாட்கள் காவலில், நான் அவன் இல்லை, நான் அவன் இல்லை என்று தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

கண்டியிலிருந்து வந்த அந்த மாலையில் இது எதுவும் எனக்குத் தெரியாது. அப்பா முன் இருக்கையில் இருந்தார். என்னை ஒரு சொல் திட்டவில்லை. கினிகத்தேனை தாண்டும்வரை அடையாள அட்டையைப் பையில் போடாமல் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். இத்தனை சின்னப் படம் சுவரில் எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று பெருமைப்படுகிறார் என நினைத்து, நானும் எட்டிப் பார்த்துச் சிரித்தேன்.