தேதியக்காவும் நர்ஸம்மாவின் வருஷமும்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் தேதியக்கா. எங்கள் வட்டாரத்தில் பேர் எடுத்தவர்களின் வாழ்க்கையை ஆளுக்கு அரைப் பக்கமாகச் சுருக்கி நாங்கள் போடும் தொகுதியில், பத்தொன்பது வருஷமாகத் தேதி சரிபார்ப்பது அவர் வேலை. இரண்டு காகிதத்தில் ஒரே தேதி இருந்தால்தான் பச்சை மையில் டிக் அடிப்பார். மந்திரியே ஃபோனில் சொன்னாலும், "காகிதம் அனுப்பச் சொல்லுங்க சார்" என்பதுதான் பதில்.

படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு ஊட்டிவிட்டு, ரெண்டு பஸ் மாறி வந்து, ஜன்னல் இல்லாத அந்த அறையில் உட்கார்ந்தால் மாலை வரை நிமிர மாட்டார். கண்ணாடியின் பவர் மூன்று முறை ஏறியிருக்கிறது; பதவி ஒரு முறையும் ஏறவில்லை.

தொகுதி அச்சுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து நர்ஸம்மாவுக்கு ஃபோன் போட்டார். நாலாயிரம் பிரசவம் பார்த்து, ஒவ்வொரு குழந்தையின் தேதியையும் நோட்டில் குறித்து வைத்தவர் அந்த அம்மா. தொகுதியில் பதினோரு பேரின் பிறந்த தேதிக்கு அந்த நோட்டுதான் இரண்டாவது காகிதம். அவருடைய பயிற்சிச் சான்றிதழும் ஓய்வு உத்தரவும் ஒரே வருஷத்தைச் சொல்லின, டிக் விழுந்தாகிவிட்டது. உயிரோடு இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது அக்காவின் பழக்கம், அவ்வளவுதான்.

"அது பொய்ம்மா," என்றார் நர்ஸம்மா. "பதினெட்டு ஆகாம பயிற்சியில சேர்க்க மாட்டாங்க. வயசக் கூட்டிச் சொன்னேன். அதையே பார்த்து எல்லாத்துலயும் எழுதிட்டாங்க."

"நிஜமா எந்த வருஷம்மா?"

"யாருக்குத் தெரியும்? மழை பெஞ்ச நாளுன்னு எங்கம்மா சொல்லும். எந்த வருஷம் மழை பெய்யல? நாலாயிரம் பேருக்குச் சரியா எழுதினேன். எனக்கு மட்டும் பொய்யப் போட்டு அச்சடிச்சுடாதம்மா."

அக்கா ஃபோனை வைத்துவிட்டுப் பதிப்பாசிரியரிடம் எழுந்து போனார். எங்கள் தொகுதி பிறந்த வருஷ வரிசையில் போவது. வருஷம் இல்லாதவருக்கு அதில் இடம் கிடையாது. என் சான்றிதழ்களில் இருக்கும் தேதியும், பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் வாய்க்கு வந்தபடி போட்டதுதான். அக்காவிடம் நான் அதைச் சொன்னதில்லை.

பதிப்பாசிரியர் சலித்துக்கொண்டார். "ரெண்டு காகிதம் இருக்கு, உங்க சட்டம்தானே அது? அப்படியே விடுங்க. இல்லன்னா ஆளையே எடுத்துடுங்க."

"ரெண்டும் ஒரே பொய்யோட நகல் சார். கடைசிப் பக்கத்துல போட்டுடலாம். வருஷம் தெரியலன்னே எழுதிடலாம்."

"அங்கேருந்து எடுத்தா பின்னால இருக்குற அத்தனையும் நகருமே. பெயர்ப் பட்டியல்ல பக்க எண்ணை எல்லாம் யார் மாத்துவா, உங்க மாமனாரா?"

"அவர் போய்ச் சேர்ந்துட்டார் சார். நானே மாத்திடறேன்."

இரண்டு நாளும் முந்நூற்று நாற்பது பெயருக்கு எதிரே இருந்த எண்ணை அடித்து அடித்து எழுதினார். கை கொடுக்கிறோம் என்று போனவர்களை, "நீங்க தப்பு பண்ணுவீங்க, அதையும் நான்தான் பார்க்கணும்" என்று அனுப்பிவிட்டார்.

தொகுதி வந்தது. பத்தொன்பது வயது நீச்சல்காரிக்குப் பின்னால், கடைசி ஆளாக, பல் போன நர்ஸம்மா. அவரே ஃபோனில் கூப்பிட்டார்.

"எல்லாருக்கும் என்னைச் சின்னவளாக்கிட்டியேம்மா."

"வேற இடம் இல்லம்மா," என்றார் அக்கா. கண்ணாடியைக் கழற்றி இரண்டு கண்ணையும் அழுத்திக்கொண்டார்.