வரதன் கொடுத்த தரை

வரதன் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன். ஆனால் அந்தப் பேரை வாயால் சொல்வதில்லை என்று இரண்டு மாசம் வீம்பு பிடித்தவள் நான். அந்தப் பெருமாள் கோயில் கோபுரம் தெரியும் பக்கம்கூடத் திரும்பாமல் சுற்றுவழியாகக் கடைக்குப் போவேன். சனிக்கிழமை தவறாமல் என் வீட்டில் கூடிப் பாடுகிற உங்களிடம் இதை ஒருநாள் சொல்லியாக வேண்டும் என்று மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

எழுபத்தோராம் வருஷம். என் ஒரே மகள் அலமேலுவுக்கு அப்போது பத்து வயசு. நாட்டியம் என்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். நெசவுக்காரன் பெண்ணுக்கு ஆட்டம் எதற்கு, நாளைக்கு எவன் கட்டுவான் என்று தெருவில் ஆளாளுக்குப் பேசினார்கள். என் வீட்டுக்காரர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்துத் தெருவில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த அம்மாவுக்கு முட்டிவலி. பாட்டும் முத்திரையும் கண்பாவமும் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொடுத்தார்கள். மற்றதை இவளாகவே வீட்டில் ஆடிப் பழகினாள்.

மெட்ராஸில் ஒரு நாட்டியப் பள்ளி இருந்தது. அங்கேயே தங்கிப் படிப்பும் படிக்கலாம், நாட்டியமும் கற்கலாம். ஆனி மாசத்தில் பிள்ளைகளை ஆட வைத்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். நாங்கள் இவளை அழைத்துக்கொண்டு போனோம். பிள்ளை அழகாகத்தான் ஆடினாள். பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்து அம்மா, இவள் முகத்தையும் கையையும் வாயாரப் புகழ்ந்தார்கள். பிறகு காலைத் தட்டச் சொன்னார்கள். தட்டினாள். மறுபடியும் தட்டச் சொன்னார்கள். சத்தமே வரவில்லை. இந்தப் பிள்ளைக்குக் காலை ஓங்கித் தட்டவே தெரியவில்லையே, யாரிடம் கற்றாள் என்று கேட்டார்கள். சரியான ஆளிடம் அடிப்படையிலிருந்து கற்று அடுத்த வருஷம் வரட்டும், அதற்கு மேல் வயசு தாண்டிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள்.

காரணம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தறி இருக்கும் வீட்டில் பிறந்த பிள்ளை எதுவும் அதிர்ந்து நடக்காது. தறிக்கடியில் கால் தொங்கப்போடத் தோண்டிய குழியில் ஆள் உட்கார்ந்து நெய்யும்போது பக்கத்தில் தொம்மென்று கால் வைத்தால் மண் எழும்பிப் பட்டில் படியும், இழை அறுந்துவிடும். தவழும் வயசிலிருந்தே “மெதுவா, மெதுவா” என்று சொல்லித்தான் வளர்ப்போம். அவள் ஆடிப் பழகியதும் தறிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்சம் இடத்தில்தான். அப்பாவுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று பூனை மாதிரி ஆடினாள். அதைப் பார்த்து நாங்களும் சமத்துப் பிள்ளை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாத்தியார் தேடினோம். ஒருவர் சினிமாவுக்குச் சேர்க்கிறேன் என்றார். இன்னொருவர் எங்கள் தெருப் பேரைக் கேட்டதுமே இடமில்லை என்றார். கடைசியில் ரேணுகா டீச்சர் கிடைத்தார்கள். பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தவர்கள், முறையாகக் கற்றவர்கள். இவளை ஆட வைத்துப் பார்த்ததும் சொல்லிக்கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் குடியிருந்தது மாடி அறை. கீழே வீட்டுக்காரர்கள் ஒரு சத்தத்துக்கும் விடமாட்டார்கள். “நான் வந்து சொல்லித்தரேன்மா, ஒரு தரை மட்டும் பாருங்க. நல்லா இடிச்ச மண்தரையா இருந்தா போதும், சிமெண்டுன்னா முட்டி போயிடும்” என்றார்கள்.

தரை. கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு ஏது? வாசலில் ஆடலாம் என்றால் விடிந்தால் தெரு நீளத்துக்கும் நெசவுக்கான பாவு நூலை விரித்துவிடுவார்கள். கேட்ட இடத்திலெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள்.

அதே சமயத்தில் என் வீட்டுக்காரருக்கு இருமல் பிடித்தது. மழைக்கால இருமல் என்று கஷாயம் வைத்துக் கொடுத்தேன். நிற்கவில்லை. ரத்தம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, நெஞ்சு ரொம்பக் கெட்டுப்போய்விட்டது, இனிமேல் தறியில் உட்காரவே கூடாது என்றார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் நாள் அவராகவே எழுந்து பாயில் படுத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை வரதன் சன்னதிப் படியேறினேன். கண்ணீர் தாரையாக ஓடியது. இரண்டே இரண்டு கேட்டேன். அவர் பிழைக்க வேண்டும், என் பிள்ளைக்கு ஆட ஒரு தரை வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அவர் பாயில் உட்கார்ந்திருந்தார். “தறியப் பிரிச்சு தம்பி வூட்டுக்கு அனுப்பிடு. குழிய மூடிடு. கொழந்த ஆடட்டும்” என்றார்.

எங்கள் தெருவில் நெய்கிற ஆம்பளை உயிரோடு இருக்கும் வீட்டில் தறிக்குழியை மூடமாட்டார்கள். அந்த ஆள் செத்துப்போய், காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் மண் தள்ளுவார்கள். “நீங்க இருக்கசொல்லவே மூடச் சொல்றீங்களே” என்று அழுதேன். “நான் இருக்கசொல்ல மூடுனாத்தானே அவ ஆடுறத நான் கேக்க முடியும்?” என்றார்.

அக்கம்பக்கத்தில் வந்து திட்டினார்கள். கொழுந்தனார் மண் அள்ளிப் போட மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்ந்து வந்து, தன் கால் இத்தனை வருஷம் தொங்கிய குழியில் தன் கையாலேயே முதல் மண்ணைப் போட்டார். அப்புறம்தான் மற்றவர்கள் தள்ளினார்கள். தண்ணீர் தெளித்து இடித்தார்கள். நான் சாணி போட்டு மெழுகினேன். மெழுகும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கேட்ட தரை வந்துவிட்டது. இன்னொன்று வராது. அடப்பாவி வரதா, இப்படியா கொடுப்பாய் என்று அங்கேயே தரையில் தலையை வைத்து அழுதேன்.

ரேணுகா டீச்சர் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் வந்தார்கள். கட்டையில் கழியால் தாளம் போட்டு, காலைத் தட்டிப் பழகும் முதல் பாடமான தட்டடவிலிருந்து ஆரம்பித்தார்கள். அலமேலுவுக்குக் கால் எழும்பவே இல்லை. அப்பா படுத்திருக்கிறார் என்ற பயம். உள்ளேயிருந்து இவர் குரல் கொடுப்பார். “கேக்கலம்மா. இன்னும் நல்லா போடு.”

பிறந்ததிலிருந்து மெதுவா மெதுவா என்றே சொன்ன மனுஷன். அந்த நாலைந்து மாசமும் “கேக்கல, கேக்கல” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தை பிறந்தபோது பிள்ளையின் கால் பேச ஆரம்பித்துவிட்டது. அடுக்கில் பாத்திரமெல்லாம் கிணுகிணுக்கும். அவர் ஒருக்களித்துப் படுத்துக் காதைத் தரையில் வைத்துக்கொண்டு கேட்பார். அப்போது மட்டும் அவருக்கு இருமல் வராது. என்ன மாயமோ, நான் கண்ணால் பார்த்தது இது.

சித்திரையில் அவர் போய்விட்டார்.

நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டவனிடம் எனக்கு என்ன பேச்சு என்றிருந்தது. பிள்ளையும் ஆடுவதை நிறுத்திவிட்டாள். ரேணுகா டீச்சர் மட்டும் தினமும் வந்து, கட்டையை எதிரில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். கருமாதி முடிந்து சில நாள் கழித்து அலமேலு தானாக எழுந்து பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு வந்து, ஆட்டம் தொடங்க முட்டியை மடக்கி அரைமண்டியில் நின்றாள். அன்றைக்கு அவள் போட்ட போட்டில் எதிர்வீட்டு ஆள் எட்டிப் பார்த்தார்.

ஆனி மாசம் மெட்ராஸுக்கு நான் மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். அதே அம்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். இவள் முதல் அடி வைத்ததுமே நிமிர்ந்து பார்த்தார்கள். போன வருஷம் வந்த பிள்ளையா இது என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார்கள். சேர்த்துக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் அலமேலு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “அப்பாவுக்குக் கேட்டிருக்குமாம்மா?” என்றாள். கேட்டிருக்கும் என்றேன். அப்படிச் சொன்ன அந்த நொடியில்தான் எனக்கு வரதன் மேல் இருந்த கோபம் கரைந்தது. கேட்டிருக்கும் என்று நான் நம்பித்தானே சொன்னேன்? நம்பிக்கை என்னை விட்டு எங்கேயும் போகவில்லை. நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

பிள்ளையை விட்டுவிட்டுத் தனியாக வீடு திரும்பியபோது அழுதேன், பொய் சொல்லமாட்டேன். இப்போதும் அழுகிறேன். கேட்டதையெல்லாம் அவன் கொடுத்தான் என்று நான் சாட்சி சொல்லவில்லை. என் கை தாங்குகிற அளவு கொடுத்தான், தாங்காதபோது கூடவே இருந்தான். ரேணுகா டீச்சர் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார்களே, அந்த மாதிரி. மனசு ஒடிந்து வந்திருப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அவனிடம் சண்டை போடுங்கள். பேச்சை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சிமெண்டு பூசிவிடலாமே என்று போன வாரம்கூட யாரோ கேட்டீர்கள். பூசமாட்டேன். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற இடம்தான் அந்தக் குழி. பாட்டு முடிந்து எழுந்து போகும்போது யாரும் மெதுவாக நடக்க வேண்டாம். நன்றாக மிதித்துப் போங்கள், அவருக்குக் கேட்கட்டும்.