நனைந்த குல்லா

ஜெர்மனிக்கு வந்த இந்த ஆறு வருடங்களில் காலையில் நான் முதலில் விழிப்பது ஓர் ஈரப்பதமானியின் முகத்தில்தான். ஆய்வுக்கூடத்துக் கதவைத் திறந்ததும், விளக்கைப் போடுவதற்கு முன்பே கண் அங்கே போய்விடும். மேசையளவு பெரிய கண்ணாடிப் பெட்டி, அதற்குள் எங்கள் கருவிகள், ஓரத்தில் சிவப்பாக அந்தச் சின்ன எண். எண் இறங்கியிருந்தால் நல்ல நாள். ஏறியிருந்தால் பெட்டிக்குள் உலர்ந்த நைட்ரஜனைத் திறந்துவிட்டு, ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ரேடியோ அலைக்கும் வெப்பக் கதிருக்கும் நடுவில் இருக்கிற டெராஹெர்ட்ஸ் அலையோடு எங்களுக்கு வேலை. அதற்குத் தண்ணீர் ஆகாது. காற்றில் இருக்கும் நீராவியே அதை ஆங்காங்கே விழுங்கிவிடும். நானோ உசிலம்பட்டிக்குத் தென்மேற்கே, எழுமலையில் பிறந்தவன். மேகம் லேசாகக் கறுத்தால் வியாபாரத்தைப் போட்டது போட்டபடி கடையை விட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்க்கிற ஊர். அந்த ஊர்க்காரனுக்கு ஈரத்தை விரட்டுவதே பிழைப்பாகிப்போனதை என் அக்கா லேசில் விடவில்லை.

"இங்க மழை பெய்யலன்னு சாமிக்குப் பொங்க வைக்கிறோம். நீ அங்க ஈரத்த வெரட்டச் சம்பளம் வாங்குறியாக்கும்" என்பாள் வீடியோ காலில்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். திருப்பரங்குன்றத்தில் வாழ்க்கைப்பட்டாள். அவள் கணவர், என் மச்சான், அங்கே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். எங்களுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான். நீ என்னதான்டா செய்கிறாய் என்று ஒருநாள் அவள் விடாமல் கேட்டதால், இருந்த தமிழையெல்லாம் திரட்டிச் சொன்னேன். ஏடு ஏடாக அடுக்கிய ஒரு மெல்லிய படிகம். அதன்மீது லேசர் ஒளி ஒரு துடிப்பாக விழுந்ததும் அதன் குணம் மாறிவிடும். ஒரு திசையில் உலோகத்தைப்போலத் தடுக்கும், குறுக்குத் திசையில் கண்ணாடியைப்போல விட்டுவிடும். இந்த இரட்டைக் குணத்தைத்தான் ஹைப்பர்போலிக் என்கிறோம். ஒளியைக் கூட்டினால் குணமும் கூடும், குறைத்தால் குறையும். கண் சிமிட்டும் நேரத்தில் இலட்சத்தில் ஒரு பங்குகூட அது நிற்காது. பிறகு படிகம் பழையபடி ஆகிவிடும்.

அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "இது எங்க மாமியாவுக்கு இருந்த குணமுல்ல. எங்கிட்ட இரும்பு, பெத்த மககிட்ட கண்ணாடி" என்றாள். கொஞ்சம் யோசித்து, "நிக்காதுங்கிற. அப்ப எங்க தெருக் கரண்ட்டு மாதிரின்னு சொல்லு. வந்துச்சா வரலையான்னு தெரியுமுன்ன போயிரும்" என்றாள். பல கருத்தரங்குகளில் இந்தப் படிகத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அவ்வளவு சுருக்கமாக என்னால் சொல்ல முடிந்ததில்லை.

நான் ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, கோயிலுக்கு எதிர்த்தெருவில் ஒரு கடைக்கு அழைத்துப்போய் எனக்குக் குரங்குக் குல்லா வாங்கிக் கொடுத்தாள். கறுப்புக் கம்பளி, காதையும் கழுத்தையும் மூடுவது. சித்திரை வெயிலில் என் தலையில் அதை மாட்டிப் பார்த்துவிட்டு, "மதுரையில இத விக்கவும் ஒருத்தன் இருக்கான், வாங்கவும் ஒருத்தி இருக்கா பாரு" என்று கடைக்காரர் காதுபடவே சொன்னாள். இங்கே யாரும் அந்த மாதிரிக் குல்லா போடுவதில்லை. நான் மட்டும் போட்டுக்கொண்டு போவேன்.

ஒரு குளிர்காலச் செவ்வாய்க்கிழமை. காலை ஆறரை இருக்கும், ஊரில் பதினொரு மணி. மச்சான் கூப்பிட்டார்.

"மாப்ள, உங்கக்கா போயிட்டாப்பா."

நெஞ்சு வலிக்கிறது என்றாளாம். ஆட்டோ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். நான் சரி என்றேன். ஏதோ கடையில் சரக்கு வந்துவிட்டது என்று சொன்னதற்குச் சொல்வதுபோல, சரி மச்சான் என்றேன்.

"நீ வாரியா? எம்புட்டு நேரமாகும்? ஐஸ் பெட்டிக்குச் சொல்லிருக்கேன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வச்சிருக்கலாம். கோடி நீயில்ல போடணும்."

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். உடன்பிறந்தவன் அந்தக் கோடியை அவள்மேல் போட்ட பிறகுதான் எடுப்பார்கள். எத்தனையோ துக்க வீடுகளில் பார்த்திருக்கிறேன். பாடை கட்டி, தேர் ஜோடித்து, எல்லாம் தயாராக நிற்கும். இன்னும் ஏன் எடுக்கவில்லை என்று யாராவது கேட்டால், 'பிறந்த வீட்டு ஆள் வரணும்' என்பார்கள். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். வெயில் ஏறினாலும் சரி, இருட்டினாலும் சரி, காத்திருப்பார்கள்.

"காத்திருக்க வேணாம் மச்சான். எடுத்துருங்க. கோடிய முருகேசனப் போடச் சொல்லுங்க" என்றேன். முருகேசன் என் சித்தப்பா மகன், எழுமலையில்தான் இருக்கிறான். மச்சான், "சரிப்பா, நீ சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த வாரம் லேசர் எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. விட்டால் அடுத்த முறைக்குப் பல மாதம் ஆகும். கேட்டவர்களிடமெல்லாம் இதைத்தான் சொன்னேன். ஆனால் இது பிறகு யோசித்துக் கண்டுபிடித்த காரணம். விமானம் இருக்கிறதா என்றுகூட அன்று நான் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அழுகையும் வரவில்லை. சாவுச் செய்தி கேட்டால் கட்டிய துணியோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருந்தது. சட்டையோடு ஷவருக்கடியில் நின்றேன். துணி மாற்றி, ஈரத் தலைமேல் குல்லாவை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அன்று முழுக்க அளந்தேன். ஒளியைக் கூட்டினேன், குறைத்தேன், ஒவ்வொன்றுக்கும் அலையைப் பதிவு செய்தேன். மாலை நான்கு மணிக்கு பிர்கிட் வந்தாள். அந்த ஆய்வுக்கூடத்தின் தொழில்நுட்பப் பொறுப்பு அவளுடையது. ஐம்பது வயதைத் தாண்டியவள், அதிகம் பேசாதவள். திரையைப் பார்த்தாள். பிறகு ஈரப்பதமானியைப் பார்த்தாள். நான் அன்றைக்கு அதைப் பார்க்கவே இல்லை. அவள் பெட்டியைத் திறந்து, கருவிகளுக்குப் பின்னாலிருந்து என் குல்லாவை வெளியே எடுத்தாள். காலையில் படிகத்தை வைக்கக் குனிந்தபோது கழற்றி உள்ளேயே வைத்திருக்கிறேன். நைட்ரஜன் எவ்வளவு போனாலும், அது நாளெல்லாம் ஈரத்தை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

"வெளியே மழையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இல்லை. என் அக்கா இறந்துவிட்டாள். அதனால் குளித்தேன்."

அவளுக்கு அக்கா இறந்ததும் புரிந்தது, நான் குளித்ததும் புரிந்தது. நடுவில் இருந்த 'அதனால்'தான் புரியவில்லை. எப்போது என்றாள். இன்று காலையில் என்றேன்.

"பிறகு ஏன் இங்கே வந்தாய்?"

நான் ஈரப்பதமானியைப் பார்த்தேன். அவள் "மைன் பைலைட்" என்றாள். துக்கம் விசாரிக்க இங்கே சொல்லும் வார்த்தை. பிறகு குல்லாவை, படிகங்களை வைப்பதுபோல, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

அன்றைய அளவுகளில் படிகத்தைப் பற்றி உருப்படியாக ஒன்றும் இல்லை. ஆனால் அலையின் அதிர்வெண்களில் நீராவி விழுங்கிய இடங்கள் வரிசையாக, சுத்தமாகப் பதிவாகியிருந்தன. அந்த இடங்கள் எந்த ஊரிலும் மாறாதவை. அதனால் கருவி சரியாக இருக்கிறதா என்று சோதிக்க அவை உதவும். பிர்கிட் அந்தக் கோப்பைத் தனியாக எடுத்துவைத்து 'நாசெ ம்யூட்ஸெ' என்று பெயரிட்டாள். நனைந்த குல்லா என்று அர்த்தம். அன்றிலிருந்து எல்லோரும் காலையில் முதலில் அதைத் திறந்து ஒப்பிட்டுவிட்டுத்தான் வேலை தொடங்குகிறார்கள். பெயரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

எட்டு மாதம் கழித்து ஊருக்குப் போனேன். யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் திட்டவில்லை. மச்சான் தன் கையாலேயே காப்பி போட்டுக் கொடுத்தார். முருகேசன் எழுமலையிலிருந்து பார்க்க வந்திருந்தான்.

"நீங்க சொன்னீகன்னுதான் போட்டேண்ணே. உங்க பேரச் சொல்லித்தான் போட்டேன்" என்றான்.

"என்ன கலர்?" என்றேன்.

"பச்சை."

அவளுக்குப் பச்சை பிடிக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. மச்சானிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் வாங்கிப் போயிருந்த சேலையை அக்கா படத்துக்கு முன்னால் வைத்தேன். மாலையில் மச்சான் அதை மடித்துப் பீரோவுக்குள் வைத்தார்.

போன வாரம் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும் புதிய கருவி வந்தது. பிர்கிட் விடுமுறையில் இருக்கிறாள். புதிதாகச் சேர்ந்திருக்கும் போலந்து மாணவி பழைய கோப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருந்தாள். 'நாசெ ம்யூட்ஸெ' திரையில் வந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"இது இனிமேல் தேவையில்லை அல்லவா? அழித்துவிடட்டுமா?"

அக்காவுக்கென்று என் உடம்பால் நான் செய்தது அந்தக் குளியல் ஒன்றுதான். அதன் ஈரம் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது.

"வேண்டாம். காத்திரு" என்றேன்.

"பிர்கிட் வரும் வரைக்குமா?"

"இல்லை."

"பிறகு யாருக்காக?"

அவள் விரல் விசைமேல் நின்றது. நான் வாயைத் திறந்தபோது ஜெர்மனும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை.

"பெறந்த வீட்டு ஆள் வரணும்" என்றேன்.