மலைப்பாம்பின் கால்

எங்கள் அம்மா திருவிருந்துக்கு எழும்ப மாட்டாள். மாதத்தில் ஒரு ஞாயிறு மாத்தளையிலிருந்து போதகர் ஐயா வந்து அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பார். சபை முழுக்க வரிசையாக முன்னால் போய் முழங்கால் போடும். உபதேசியாரின் மனைவி மட்டும் பெண்கள் பக்கத்து இரண்டாவது வாங்குப் பலகையில், முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உபதேசியார் என்றால் எங்கள் அப்பாதான். போதகர் வராத ஞாயிறுகளில் பிரசங்கம், தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பில் லயம் லயமாக ஜெபம், சாவு வீட்டில் அடக்க ஆராதனை, எல்லாம் அவர் தலையில். ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்கிற மனுஷன் வீட்டில் இந்தக் கோலம். அவளைத் தாண்டித்தான் நான் முன்னால் போகவேண்டும். அவள் முழங்காலை ஒதுக்கி எனக்கு வழிவிடுவாள் பாருங்கள், அப்போது எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும்.

காரணம் என் தம்பி. சுதந்திரம் கிடைத்து அடுத்த வருஷம், இரத்தோட்டை மலையில் விடாத மழை, அவனுக்குக் காய்ச்சல். அப்பா ஜெபம் பண்ணினார். தோட்டத்து டிஸ்பென்சரி மருந்தும் கொடுத்தோம். காய்ச்சல் இறங்குவேனா என்றது. அம்மா கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவள். பிறந்த வீட்டார் மாரியம்மன் கும்பிடுகிறவர்கள். அப்பா வெளியே போன நேரம் பார்த்து, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு லயத்துக்கு மேலே இருந்த கோயிலுக்குப் போனாள். பூசாரியிடம் ஒரு மஞ்சள் நூல் வாங்கிவந்து தம்பி மணிக்கட்டில் கட்டி, சட்டைக் கையை இழுத்து மூடினாள். தம்பி பிழைக்கவில்லை. குளிப்பாட்ட வந்த சபைப் பெண்கள் நூலைக் கண்டார்கள். அதில் ஒருத்தி, பாட்டுக் குழுவில் முன்னால் நிற்கிறவள், பாவம் புகுந்த வீட்டுக்குள்தான் சாவும் புகும் என்று அம்மா காதில் விழுகிற மாதிரியே சொன்னாள்.

அப்பா அதை மறுக்கவும் இல்லை, ஆமென்று சொல்லவும் இல்லை. அவர் வாய் திறப்பார் என்று அம்மா வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திறக்கவில்லை. அவள் எழும்பவில்லை. இதற்கு நடுவில் வளர்ந்தவள் நான், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று சொன்னால் வராமல் என்ன செய்யும்?

மிஷன் தயவில் கொழும்பில் விலங்கியல் படித்துவிட்டு வந்து, மாத்தளை டவுனில் ஒரு கிறிஸ்தவப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். நான் இங்கிலீஷில் படித்ததைத் தமிழில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. கூர்ப்பு என்று ஒரு பாடம் இருந்தது. உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மெல்ல மெல்ல மாறி வந்த கதை. அந்தப் பாடம் தொடங்கும் நாளில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்: முதலில் எல்லோரும் எழும்பி ஜெபம் பண்ண வேண்டும். அப்புறம் விடை எழுதும்போது ஒவ்வொரு பந்தியையும் ‘விஞ்ஞானிகள் கூறுவதன்படி’ என்று தொடங்க வேண்டும். இரத்த ஓட்டத்துக்கு ஜெபம் கிடையாது, தவளைக்கு ஜெபம் கிடையாது, இதற்கு மட்டும் ஜெபம். தலைமை ஆசிரியை நல்ல மனுஷி. பரீட்சைக்கு எழுதட்டும் டீச்சர், நம்ப மட்டும் வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நம்பாமல் எப்படி எழுதுவது என்று கேட்டால் அதற்கும் சிரிப்பார். நான் வகுப்பறையில் குறுக்கும் நெடுக்கும் நடப்பேன். பிள்ளைகள் கழுத்து வலிக்கிறது டீச்சர் என்பார்கள்.

இந்த நேரத்தில்தான் பாம்பு வந்தது. பலாபத்வலயில் கொக்கோவும் மிளகும் போட்டிருந்த ஒரு முஸ்லிம் முதலாளியின் மகள் என் வகுப்பில் படித்தாள். அவர்கள் தோட்டத்தில் ஆட்டுக்குட்டியை விழுங்கிவிட்டு அசையமுடியாமல் கிடந்த மலைப்பாம்பை ஆட்கள் அடித்துவிட்டார்கள். டீச்சருக்குத் தேவைப்படும் என்று மகள் அடம்பிடித்ததால் அவர் ஆள் அனுப்பினார். நான் போனேன். மலைப்பாம்பின் அடிப்பக்கத்தில், வால் தொடங்குகிற இடத்தில், இரண்டு பக்கமும் நகம் மாதிரி இரண்டு முள் இருக்கும். அது தேய்ந்துபோன பின்னங்கால். உள்ளே சின்னதாகத் தொடை எலும்புகூட உண்டு. படத்தில் பார்த்ததை அன்றைக்குத்தான் கையால் தொட்டேன். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் அல்லாஹ் படைச்சதுதானே டீச்சர், கால் இருந்தா என்ன இல்லாட்டி என்ன, என் ஆடு போச்சு என்றார்.

அந்தத் துண்டை மட்டும் வெட்டி, மிட்டாய்க் கடை டொபி போத்தல் ஒன்றில் போர்மலின் ஊற்றிப் போட்டேன். சனிக்கிழமை இரத்தோட்டை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கண்டக்டர் ஊறுகாய் என்று நினைத்து, சிங்களத்தில் அச்சாறா என்று கேட்டான். ஆமாம் என்று தலையாட்டினேன். ஏன் வீட்டுக்குக் கொண்டுபோனாய் என்று கேட்டால், அப்பாவிடம் காட்டத்தான். வேறென்ன? இத்தனை வருஷம் அம்மாவுக்குப் பதில் சொல்லாமல் ஊருக்கு மட்டும் பேசுகிற மனுஷனை ஒரு தரமாவது வாயடைத்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

நடந்தது நேர்மாறு. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போத்தலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“கால்தானே புள்ள இது? நிச்சயமா கால்தானே?”

கால்தான் என்றேன். அவ்வளவுதான், மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஏதேனில் ஏவாளை ஏமாற்றிய பாம்புக்கு, இனி வயிற்றால் ஊர்ந்து போ என்று சாபம் கிடைத்ததல்லவா? அப்படியானால் அதற்கு முன்னால் கால் இருந்திருக்க வேண்டுமல்லவா? இதோ அடையாளம். வேதத்தின் முதல் பக்கங்கள் பொய் என்று படித்தவர்கள் சொல்கிறார்களே, இதைப் பார்க்கட்டும். அவர் பேசிக்கொண்டே போனார். கொழும்புக்கு அனுப்பிப் படிக்கவைத்தது வீண்போகவில்லை என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். நான் கூர்ப்புக்கு ஆதாரம் என்று தூக்கிவந்த போத்தல், வாசற்படி தாண்டியதும் சாபத்துக்கு ஆதாரமாகிவிட்டது. எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

மறுநாள் அறுப்பின் பண்டிகை. பூசணிக்காய், பலாப்பழம், மிளகுக் கொத்து, ஏலக்காய், காலைக் கட்டின கோழி எல்லாம் காணிக்கை மேசையில். நடுவில் என் டொபி போத்தல். அப்பா அன்றைக்குப் பிரசங்கம் பண்ணியது மாதிரி என்றைக்கும் பண்ணினதில்லை. ஆராதனை முடிந்ததும் சனம் வரிசையில் நின்று பார்த்தது. பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். அந்தப் பாட்டுக் குழுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மாவும் வரிசையில் வந்து, மற்றவர்களைவிட அதிக நேரம் குனிந்து பார்த்தாள். பிறகு காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுவது வழக்கம். போத்தலுக்கும் யாரோ கேட்கத் தொடங்கியதும் நான் போய் வெடுக்கென்று தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டேன்.

பின்னாலேயே வந்த அப்பா, சபை முன்னால் என்னம்மா இது என்று கேட்டார். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு நான் கொட்டித் தீர்த்தேன். இந்தக் கால் ஒரு நாளில் சாபத்தால் விழுந்த கால் இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்த கால். மனுஷன் என்று ஒருத்தன் தலை காட்டுவதற்கு எத்தனையோ காலம் முன்னாலேயே தேய்ந்து முடிந்த கால். இரத்தினபுரியில் மாணிக்கம் தோண்டுகிறவர்களுக்கு மண்ணுக்குள்ளே நீர்யானைப் பல் கிடைக்கிறது. கொழும்பில் நான் கண்ணால் பார்த்தேன். இந்த நாட்டில் நீர்யானை எங்கே இருக்கிறது? வாழ்ந்து செத்து மண்ணாகிப்போனது. இப்படி எத்தனை வகை!

அப்பா பொறுமையாகத்தான் சொன்னார், சாவு என்பது ஆதாமின் பாவத்தால் உலகத்துக்குள் வந்தது, அதற்கு முன்னால் சாவு இல்லை என்று.

“பாவம் பண்ண ஆளே இல்லாத காலத்துல சாவு இருந்துச்சுங்கப்பா.”

இது வாதத்துக்காகச் சொன்னது. அப்பாவைத்தான் பார்த்துச் சொன்னேன். அம்மா சோற்றுக் கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். எங்கள் வாதங்களில் அவள் தலையிட்டதே கிடையாது.

“அந்த நீர்யானைக்குக் குட்டி இருந்திருக்குமா?”

இருந்திருக்கும் என்றேன்.

“அதுவும் செத்திருக்குமா, சின்னதுலயே?”

சிலது செத்திருக்கும்மா என்றேன். என் குரல் அப்போதுதான் இறங்கியது. அவள் எங்கே போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவள் அப்பா பக்கம் திரும்பினாள்.

“அது யார் பண்ணின பாவத்துக்குங்க?”

அப்பாவிடம் எல்லாவற்றுக்கும் ஒரு வசனம் இருக்கும். பஞ்சத்துக்கு உண்டு, மழைக்கு உண்டு, வேலைநீக்கத்துக்கு உண்டு. அன்றைக்கு அவர் கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். அம்மா அவர் சோற்றுப் பீங்கானைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் என்னிடம், நிஜமா சொல்றியா, கோபத்துல சொல்றியா என்று கேட்டாள். நிஜமாகத்தான் என்றேன்.

அடுத்த கிழமை அப்பா மாத்தளைக்குப் போய்ப் போதகர் ஐயாவைக் கண்டு கேட்டிருக்கிறார். போதகர் யாழ்ப்பாணத்துக்காரர், நன்றாகப் படித்தவர். கடவுளின் ஒரு நாள் நம்முடைய ஒரு நாள் இல்லை, கடவுள் மெதுவாகப் படைத்திருந்தால் நமக்கென்ன குறை, இரண்டையும் பிடித்துக்கொள்ளலாம் என்றாராம். அப்பாவுக்கு அது இறங்கவில்லை. எனக்கும்தான் இறங்கவில்லை. சண்டைபோட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் அந்த ஒரு விஷயத்தில் ஒன்றாகிவிட்டோம். அப்பா தோட்டத்து ரோட்டில் போவதும் வருவதுமாக இருந்தார். ஒரு நாள் என்னைக் கேட்டார், தப்பு ஆதாமுடையது இல்லை என்றால் நான் சபைக்கு என்னத்தைச் சொல்வது என்று. கோபமாகக் கேட்கவில்லை. நான் போத்தலைப் பள்ளிக்கூடத்து அலுமாரிக்கே கொண்டுபோய்விட்டேன்.

பிறகு திருவிருந்து ஞாயிறு வந்தது. அம்மா காலையிலேயே தலை குளித்து, கல்யாணத்துக்குக் கட்டின வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அப்போதும் புரியவில்லை. பாட்டு முடிந்து வரிசை எழும்பியதும் அவளும் எழும்பினாள். எழும்பி, யாரையும் பார்க்காமல் முன்னால் போய், பாட்டுக் குழுக்காரிக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டாள். போதகரோடு தட்டைப் பிடித்துக்கொண்டு வந்த அப்பா அவள் முன்னால் நின்றார். அவர் அழுதார். உபதேசியார் சபைக்கு முன்னால் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன், தம்பியை அடக்கம் பண்ணும்போதும் அவர் அழவில்லை.

நான் எழும்பவில்லை. எழும்ப வேண்டும் என்றுதான் இருந்தது, கால் வரவில்லை. சாவு யாருடைய பாவத்துக்கும் இல்லை என்று அம்மாவுக்குச் சொன்னவள் நான். அவளுக்கு அது விடுதலையாகிவிட்டது, நேரே மேசைக்குப் போய்விட்டாள். எனக்கோ, அப்படியானால் பாவம் போக்கக் கொடுக்கிற அந்த அப்பம் எதற்கு என்ற கேள்விதான் மிச்சம். படித்தவள் நான், சொல்லிக்கொடுத்தவள் நான், ஆனால் அந்த வாங்கில் இருப்புக்கொள்ளாமல் நெளிந்துகொண்டிருந்தவளும் நான்தான். பாட்டுக் குழுக்காரி திரும்பி வரும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அம்மா திரும்பி வந்தாள். நான் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையைத் தலையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“நீ போகலியா?”

இல்லை என்று தலையாட்டினேன். ஏன் என்று கேட்பாள், அழுவாள், அப்பாவைப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். அவள் முன் வரிசையைப் பார்த்தபடியே, மற்றவர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

“சரி, இரு. எவளாவது ஏதாச்சும் சொன்னா நான் பேசிக்கிறேன்.”